ஜோடி முயலில் ஒன்றை மட்டும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்



இந்தத் தடவை மக்காச்சோளம், கிணறு, மாடு எதைப் பத்தியும் எழுதப் போறதில்லைங்க. உங்க வீட்டு பால்கனியில இருக்கிற முயலைப் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன், பொறுத்துக்கங்க.

சொல்ல வந்தது ஒரே விஷயம். ஒண்ணா தின்னு, ஒண்ணு மேல ஒண்ணு தலை வச்சுப் படுக்கிற ரெண்டு முயல் உங்க வீட்டுல இருக்குன்னு வச்சுக்கங்க. அதுல ஒண்ணுக்கு உடம்பு சரியில்லைன்னு டாக்டர்கிட்ட போகும்போது ரெண்டையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க. நல்லா இருக்கிறதை வீட்டுல விட்டுட்டுப் போகாதீங்க. இதைச் சொன்னா, "முயல்தானே, அதுக்கு என்ன தெரியும்"னு சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது.

என்கிட்ட இருபது கூண்டு முயல் இருக்கு. அதனால சொந்தபந்தத்துல யார் வீட்டு முயலுக்கு என்ன ஆனாலும் போன் எனக்குத்தான் வரும். போன மாசம் கோயமுத்தூர்ல இருக்கிற அக்கா மகள் கூப்பிட்டா. அவகிட்ட ஒரு ஆண், ஒரு பெண். ஆணுக்கு முன்னாடியே விதை எடுத்தாச்சு. மூணு வருஷமா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஆணுக்கு முன் பல்லு நீண்டுபோய் சரியா திங்க முடியல. முயலுக்குச் சாகிற வரைக்கும் பல்லு வளர்ந்துகிட்டே இருக்கும், தேயலைன்னா வெட்டி விடணும். அவளும் கிளினிக்குக்குப் போன் பண்ணி, ரெண்டையும் கொண்டு வரட்டுமான்னு கேட்டிருக்கா. "நோயாளி ஒண்ணுதானே, இன்னொண்ணு எதுக்குங்க, இடம் பத்தாது"ன்னு பதில் வந்திருக்கு. காலையில ஆணை மட்டும் கொண்டு போனா. மயக்கம் கொடுத்து பல்லைச் சரிபண்ணி, சாயங்காலம் கொண்டு வந்து பழையபடி கூண்டுக்குள்ள விட்டா.

"மாமா, அவ கிட்ட வந்து மோந்து பாத்தா. அடுத்த நிமிஷம் பாஞ்சுட்டா. முடி பறக்குது மாமா, காது கிழிஞ்சிருச்சு. இவனுக்கு மயக்கமே சரியா தெளியல, ஓடக்கூட முடியல. மூணு வருஷமா நக்கிக் குடுத்துட்டு இருந்தவ, எப்படி மாமா இப்படி மாறினா?"

"அவ மாறல கண்ணு. உள்ள வந்தது அவ ஆளுன்னே அவளுக்குத் தெரியல"ன்னு சொன்னேன்.

இதுல அந்தப் பொண்ணு மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. கேட்டா, வேண்டாம்னு சொன்னாங்க. என் கோபமெல்லாம் "நோயாளி ஒண்ணுதானே" அப்படிங்கிற அந்த நினைப்பு மேலதான்.

முயல் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறது பெரும்பாலும் மூக்கால. கண்ணு ரெண்டும் தலையோட பக்கவாட்டுல இருக்கு. பின்னாடி வர்ற நாய் வரைக்கும் தெரியும், ஆனா தன் மூக்குக்கு நேர் முன்னாடி இருக்கிறது தெரியாது. தாடைக்குக் கீழ வாசனை சுரக்கிற இடம் ஒண்ணு இருக்கு. கூண்டுக் கம்பி, தண்ணிக் கிண்ணம், உங்க செருப்பு, அதோட ஜோடி, எல்லாத்து மேலயும் அந்தத் தாடையை வச்சுத் தேய்க்கும். இது என் இடம், இது என் ஆளுன்னு அது போடுற கையெழுத்து. நீங்க ஒண்ணை மட்டும் கிளினிக்குக்குக் கொண்டு போனா, அது மேல இருந்த கையெழுத்தெல்லாம் அழிஞ்சு ஸ்பிரிட், மருந்து, பத்து நாயோட வாசம், கூடவே பயந்த வாசமும் ஏறிருது. வீட்டுல இருந்ததுக்கு அப்போ என்ன தெரியும்? ஏதோ ஒரு அந்நிய முயல் நம்ம வீட்டுக்குள்ள பூந்துருச்சுன்னுதான் தெரியும். பாயத்தான் செய்யும்.

இது நான் கற்பனையில சொல்றதில்லை. முயல் வளர்க்கிற எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வான். நாங்க சேர்க்கைக்கு விடும்போது பெண்ணைத்தான் ஆண் கூண்டுக்குக் கொண்டு போவோம். ஆணைப் பெண் கூண்டுக்குள்ள விட்டா, தன் இடத்துக்குள்ள எவனோ வந்துட்டான்னு பெண் கடிச்சு வச்சுடும். தாய் செத்துப்போன குட்டியை வேற தாய்கிட்ட விடும்போது, அந்தத் தாயோட கூட்டு முடியில குட்டியை நல்லாப் புரட்டி, அவ குட்டிகளோட கலந்து வைப்போம். கொடைக்கானலுக்கு மேல மன்னவனூர்ல மத்திய அரசோட ஆராய்ச்சி மையம் இருக்கு, ஆடும் முயலும் வச்சிருக்காங்க. சோவியத் சின்சில்லா, வொயிட் ஜெயண்ட் இனமெல்லாம் அங்க உண்டு. இருபது கூண்டுக்காரன் ஆனாலும் இருநூறு கூண்டுக்காரன் ஆனாலும் முதல்ல கத்துக்க வேண்டியது, முயலுக்கு வாசம்தான் எல்லாம்ங்கிறதை.

பட்டணத்துல இது ஏன் புரிய மாட்டேங்குதுன்னு யோசிச்சா, ஒரு காரணம் நம்ம பாஷையிலயே இருக்கு. நம்ம கொறங்காட்டுல ஓடுறதுக்கும் முயல்னுதான் பேரு, உங்க பால்கனியில இருக்கிறதுக்கும் முயல்னுதான் பேரு. ஆனா ரெண்டும் வேற வேற சாதி. காட்டு முயல் வளை தோண்டாது. புல்லுக்கு நடுவுல ஒரு பள்ளத்துல தனியாப் படுத்துக் கிடக்கும். அதோட குட்டி முடியோட, கண்ணைத் திறந்துகிட்டே பொறக்கும். (அதை வேட்டையாடினா 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதையும் சொல்லி வச்சுடறேன்.) உங்க வீட்டு முயலோட பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அங்க மண்ணுக்குள்ள வளை தோண்டி, கூட்டமா வாழ்ந்த சாதி. குட்டி முடியில்லாம, கண்ணு மூடித்தான் பொறக்கும். இங்கிலீஷ்காரன் ஒண்ணை ஹேர், இன்னொண்ணை ராபிட்னு பிரிச்சுட்டான். நாம ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிட்டு, "முயல் ஒரு சாதுப் பிராணி, தனியா மூலையில உக்காந்திருக்கும்"னு முடிவு கட்டிட்டோம். கூட்டத்துல வாழ்ந்த சாதிக்குக் கூட்டாளிங்கிறது விளையாட்டுச் சாமான் இல்லைங்க. ஒண்ணு தலையைக் குனிஞ்சு தின்னா, இன்னொண்ணு காதைத் தூக்கிக் காவல் இருக்கும்.

சரி, எதிர்ப்பேச்சுக்கு வர்றேன். தான் புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறவங்க சொல்ற காரணம் எனக்கு மனப்பாடம்.

"நல்லா இருக்கிறதை எதுக்கு அலைக்கழிக்கணும்?" நல்ல மனசுலதான் கேக்கறீங்க. ஆனா வீட்டுல தனியா விட்டா அது நிம்மதியா இருக்கும்னு யார் சொன்னது? உழவு மாடு ஜோடியில ஒண்ணை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போய்ப் பாருங்க. கட்டுத்தறியில நிக்கிறது வாசலையே பாத்துக் கத்தும், தீவனத்துல வாய் வைக்காது. முயல் அப்படிக் கத்திக் காட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம். நாலு பேரு நாலு பிராணி தன்னைத் தின்ன வரும்னு பயந்தே வாழுற சாதி, வலியையும் பயத்தையும் வெளிய காட்டாது. கூட ஜோடி இருந்தா, கிளினிக் மேசையில இருக்கிறதும் கொஞ்சம் அடங்கி நிக்கும், வீட்டுக்கு வந்தா சீக்கிரம் தின்னவும் ஆரம்பிக்கும். அந்தத் தின்னுறதுதான் உயிர். அதைப் பின்னாடி சொல்றேன்.

"நோய் தொத்திக்காதா?" ஒரே கிண்ணத்துல தண்ணி குடிச்சு, ஒண்ணு மூஞ்சியை ஒண்ணு நக்கிட்டு இருந்த ரெண்டுக்கு, தொத்துற நோய்னா நேத்தே தொத்தியிருக்கும். எங்க கூண்டுல ஒண்ணுக்குக் காதுல சொறி வந்தா, கூட இருந்ததுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பண்ணுவோம். ஒண்ணுக்கு மட்டும் பண்ணினா பத்து நாள்ல மறுபடியும் ரெண்டுக்கும் வரும். டாக்டரே பாத்து, இதைத் தனியா வைக்கணும்னு சொன்னா அது வேற விஷயம். அதை அவர் சொல்றதுக்காவது ரெண்டையும் அவர் பாக்கணுமில்ல?

"டாக்டர் ரெண்டுக்கும் பீஸ் வாங்குவாரு." கூட வந்ததுக்குப் பீஸ் உண்டான்னு போன்லயே கேட்டுக்கங்க. அப்படியே கேட்டாலும், கிழிஞ்ச காதுக்குத் தையல் போட ராத்திரி பத்து மணிக்கு ஓடுறதை விட அது குறைச்சல்தான் ஆகும்.

"கறிக்கு விக்கிறவன் நீ, நீ என்ன பாசத்தைப் பத்திப் பேசறது?" இதுவும் கேட்டிருக்காங்க. ஆமாங்க, விக்கிறேன், மறைக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். நாங்க வளர்ந்த முயலை ஜோடி சேர்த்து வைக்கிறதில்லை. ஒவ்வொண்ணுக்கும் தனிக் கூண்டு. அதுக்குப் பக்கத்துல இருக்கிறது எல்லாமே பக்கத்து வீட்டுக்காரன்தான், உறவு இல்லை. ஜோடி சேர்த்தது நீங்க. கடையில "தனியா இருந்தா ஏங்கிரும், ஜோடியா எடுங்க"ன்னு சொன்னான், எடுத்துட்டு வந்தீங்க. மூணு வருஷம் ஒண்ணா வளர விட்டீங்க. ஜோடிப் படத்தை வாட்ஸ்அப் முகப்புலயும் வச்சீங்க. உறவை உண்டாக்கினது நீங்கன்னா, உடம்பு சரியில்லாத நாள்லயும் அதைக் காப்பாத்த வேண்டியது நீங்கதானே? எதுக்கு நோயாளி ஒண்ணுதான்னு கணக்குப் போடறீங்க?

திட்டிட்டு மட்டும் போனா ஆகாது. எப்படிப் பண்றதுன்னும் சொல்லிடறேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி: ரெண்டும் படுக்கிற அளவுக்கு ஒரே பொட்டி. பூனை தூக்கிட்டுப் போற கெட்டியான பிளாஸ்டிக் பொட்டி நல்லது, அட்டைப் பொட்டியைக் கடிச்சுடும். அடியில அதுங்க படுத்துப் பழகின, துவைக்காத துணி. அந்த வாசம்தான் அதுங்களுக்கு வீடு. உள்ள ஒரு கைப்பிடி காய்ஞ்ச புல்லு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காலையில போங்க. 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். பைக் டேங்க் மேல வச்சு வெயில்ல ஓட்டாதீங்க. கிளினிக்ல நாய்க்குப் பக்கத்துல, தரையில வைக்காதீங்க. மடியில வச்சு, மேல ஒரு துணியைப் போட்டு மூடிக்கங்க.

பட்டினி போடாதீங்க. இது ரொம்ப முக்கியம். நாய்க்கும் பூனைக்கும் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி சோறு தண்ணி நிறுத்தச் சொல்லுவாங்க, மயக்கத்துல வாந்தி எடுத்துடும்னு. முயலால வாந்தியே எடுக்க முடியாது. அதோட குடல் ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னுபோனா உயிருக்கே ஆபத்து. அதனால ராத்திரி முழுக்க புல்லு இருக்கட்டும், தண்ணி இருக்கட்டும். யாராவது பன்னெண்டு மணி நேரம் பட்டினி போடச் சொன்னா, "முயலுக்கும் அப்படித்தானா டாக்டர்?"னு திருப்பிக் கேளுங்க. அதே மாதிரி, அமாக்சிசிலின் மாதிரி மருந்தை வாய்வழியா கொடுத்தா முயல் குடல்ல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்து முயலே செத்துப்போகலாம். வீட்டுல பிள்ளைக்கு வாங்கின சிரப்பை அளவு குறைச்சுக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

அங்க போனதும்: ஊசி, பல்லு, நகம் மாதிரி சின்ன வேலைன்னா ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டும். மயக்கம் கொடுக்கிற வேலைன்னா, முடியற வரைக்கும் ஜோடி அதே பொட்டியில, அதே கட்டிடத்துல காத்திருக்கட்டும். மயக்கம் முழுசா தெளிஞ்சு, தலையைத் தூக்கி உக்காந்த பிறகு சேர்த்து விடுங்க. தள்ளாடிட்டு இருக்கிறதோட சேர்த்தா, மேல ஏறும், தள்ளும். ராத்திரி தங்க வைக்கணும்னா, ஜோடிக்கும் பக்கத்துலயே ஒரு இடம் கேளுங்க. கேக்கறதுக்கு வெட்கப்படாதீங்க.

வீட்டுக்கு வந்ததும் பாக்க வேண்டியது ரெண்டே ரெண்டு. திங்குதா, புழுக்கை போடுதா. அரை நாள் திங்கலைன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே திரும்ப டாக்டர்கிட்ட போங்க.

வேற வழியே இல்லாம ஒண்ணை மட்டும் கொண்டு போயிட்டீங்கன்னா: வந்ததும் கூண்டுக்குள்ள விடாதீங்க. வாசம் போகட்டும்னு குளிப்பாட்டியும் விடாதீங்க, அந்த அதிர்ச்சியிலயே செத்த முயல் உண்டு. நடுவுல கம்பி வலையை வச்சு ரெண்டையும் பக்கம் பக்கமா விடுங்க. இது துணியை அதுக்கும், அது துணியை இதுக்கும் மாத்திப் போடுங்க. ரெண்டும் வலை ஓரமா வந்து சாவகாசமா படுக்க ஆரம்பிச்ச பிறகு, ரெண்டுக்குமே சொந்தமில்லாத ஒரு இடத்துல, குளியலறையோ மாடிப்படி ஓரமோ, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க. கூடவே உக்காந்திருங்க. பாஞ்சா வெறுங்கையை நடுவுல விடாதீங்க, கெட்டியான துண்டையோ அட்டையையோ விட்டுப் பிரிங்க. அக்கா மகள் இப்போ இந்தக் கட்டத்துலதான் இருக்கா. நாலு வாரமாச்சு, இன்னும் வலை எடுக்கல.

பிரிச்சு வைக்கத்தான் வேணும்கிற சமயமும் இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. ஆணுக்கு விதை எடுத்த பிறகும் நாலு முதல் ஆறு வாரம் வரைக்கும் சினை பிடிக்க வைக்கிற சக்தி மிச்சமிருக்கும். பெண்ணுக்கு ஆபரேஷன் ஆகலைன்னா அதுவரைக்கும் நடுவுல வலை வேணும். இல்லைன்னா 31 நாள்ல குட்டி, குட்டி போட்ட அன்னைக்கே மறுபடியும் சினை. பெண்ணுக்குக் கர்ப்பப்பை எடுக்கிறதும் நல்லதுதான், வயசான பெண் முயலுக்குக் கர்ப்பப்பையில புத்துநோய் ரொம்ப சகஜம். வயித்துல தையல் இருக்கும்போது மேல ஏறி மிதிக்காம இருக்கவும் வலை வேணும். ஆனா வலைங்கறது வலைதான், வேற அறை இல்லை. மூக்கோட மூக்கு வைக்கிற தூரத்துல ரெண்டும் இருக்கணும்.

கடைசியா, சொல்லக் கஷ்டமான ஒண்ணு. சில நாள் கொண்டு போனது உயிரோட திரும்பாது. அப்போ மருத்துவமனையிலயே கொடுத்துட்டு வெறும் பொட்டியோட வராதீங்க. ஜோடி கூட வந்திருந்தா அங்கேயே, இல்லைன்னா உடம்பை வீட்டுக்குக் கொண்டு வந்து, அது முன்னாடி கொஞ்ச நேரம் வைங்க. மோந்து பாக்கும், மூக்கால தள்ளிப் பாக்கும், சிலது பக்கத்துலயே படுத்துக்கும். தானே விலகிப் போனதுக்கு அப்புறம் எடுங்க. இது தெரியாம விட்டா, மிச்சமிருக்கிறது நாள் கணக்கா கூண்டு கூண்டா தேடும், சிலது திங்காமலே போயிடும். நம்ம வீட்டுல ஒருத்தர் போனா முகத்தைப் பாக்காம எடுக்க விடுவமா? அதுக்கும் அந்த உரிமை உண்டுன்னு நான் சொல்வேன்.

ரெண்டைத் தூக்கிட்டுப் போகக் கையும் வண்டியும் பணமும் இல்லைன்னா, தயவுசெஞ்சு முயல் வாங்காதீங்க. ஒண்ணே ஒண்ணை வாங்கிக் கூண்டுல போட்டு வைக்கிறதும் இதுக்குத் தீர்வு இல்லை.

இதைப் படிக்கிற கால்நடை டாக்டருங்க யாராவது இருந்தா ஒரு வேண்டுகோள். உங்க கிளினிக் சுவத்துல "செருப்பை வெளியே விடவும்"னு ஒரு பலகை இருக்கும். அதுக்குக் கீழ, "ஜோடி முயலை ஜோடியாகவே கொண்டு வரவும்"னு இன்னொரு வரி எழுதி மாட்டுங்க. போன் எடுக்கிற பிள்ளைகிட்டயும் சொல்லி வைங்க.